பத்தாவது ஜோடிக் கண்

பன்னிரண்டாம் வகுப்பில் மதியத்துக்கு மேல் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கண்ணாடிக் கடையில் தொழிற்பயிற்சி. பத்து ஜோடிக் கண்களைச் சோதித்து, பதிவேட்டில் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கினால்தான் சான்றிதழ். ஒன்பது முடிந்திருந்தது. பத்தாவதாக அப்பாவை வைத்திருந்தாள்.

அப்பா பஸ் ஓட்டுநர். இருபத்திரண்டு வருடம். ஸ்கேல் வைத்து அளந்தது போலக் கோட்டில் கொண்டுவந்து வண்டியை நிறுத்துவார். டிப்போவில் அவர் பெயரே ஸ்கேல்தான். பள்ளி வாசலிலிருந்து கடைவரை அவள் போவதும் அவர் வண்டியில்தான்.

பழகிக்கொள்வதற்காகக் கடை எழுத்து அட்டை ஒன்றின் நகலை வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாள். கடையில் இரண்டு அட்டைகள் உண்டு, எழுத்து வரிசை மட்டும் வேறு. அன்று காலை பழையதைக் கழற்றி மற்றதன் நகலை ஒட்டினாள். சாயங்காலம் அப்பாவைத் தள்ளி நிற்க வைத்தாள்.

"எந்த வரி?" என்றார்.

"கடைசிக்கு முந்தினது."

அப்பா தொண்டையைச் செருமினார். "ட, ப, ம, ர, ய."

தடங்கலே இல்லை. ஆனால் அது கழற்றிய அட்டை.

"அப்பா, இது வேற அட்டை."

"எப்ப மாத்தின?"

"காலையில."

அப்பா நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "ஒரு வாரம் கிட்டப் போய் நின்னு மனப்பாடம் பண்ணேன். பத்தாவதுல இப்படிப் படிச்சிருந்தா பாஸாகியிருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. போன வாரம் நிறுத்தத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றவளைத் தாண்டி அவர் வண்டி போனது. கூட்டம், அதான் நிறுத்தலை என்றார். வண்டியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கண்ணுக்குப் பின்னாடி ஏதோ கெட்டுப்போயிட்டு வருதாம். கண்ணாடி போட்டாலும் சரியாகாதாம்." குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லிடாத. வெள்ளிக்கிழமை டிப்போவுக்குக் கண்ணு பார்க்க உங்க கடை சார்தான் வர்றாரு. சோதனைப் பெட்டியை நீதான அடுக்குவ? பழைய அட்டையா புதுசா, அதை மட்டும் சொல்லு. இன்னும் நாலு வருஷம்தாம்மா. ரிட்டயர் ஆயிடுவேன்."

வியாழக்கிழமை கடையிலிருந்து வந்ததும், "பழசுப்பா" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். பழையதைத்தான் பெட்டியில் வைத்திருந்தாள். ஆசி வழங்குவது போல அப்பா அவள் தலையைத் தொட வந்தார். கை முதலில் தோளில் பட்டது. பிறகுதான் தலையைக் கண்டுபிடித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி வாசலில் அவர் வண்டியில் ஏறினாள். வண்டி கிளம்பியதும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் குறுக்கே வந்தார்கள். வேகம் குறையவில்லை. ஒரு அம்மா தன் பிள்ளையைப் புத்தகப் பையோடு பிடித்துப் பின்னால் இழுத்தாள். ஏதோ கத்தினாள். அப்பா நேரே பார்த்தபடி ஓட்டினார்.

கடைக்குப் போனதும் பெட்டியைத் திறந்து அட்டையை மாற்றினாள்.

டிப்போவில் ஓட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள். கடைக்காரர் மேசையில் உட்கார்ந்தார். அவள் குச்சியோடு அட்டைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஸ்கேலு, உன் பொண்ணே பரீட்சை வைக்குதா? அப்ப பிட்டு ரெடின்னு சொல்லு" என்றார் வரிசையில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அவள் கடைசிக்கு முந்தின வரியில் குச்சியை வைத்தாள்.

"ட, ப, ம, ர, ய" என்றார் அப்பா.

கடைக்காரர் அட்டையைப் பார்த்தார். அடுத்த வரியைக் கேட்டார். அதையும் அப்பா நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வரிசையில் சிரிப்பு நின்றிருந்தது. பிட்டு என்று சொன்னவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றார் கடைக்காரர்.

பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தலை நிமிராமல் எழுதினார். "இனிமே வண்டி வேணாம். வீட்ல பேப்பர் படிக்க வேணா ஒரு கண்ணாடி முயற்சி பண்ணலாம். பாப்பா அளவெடுக்கட்டும்." வெளியே போய்விட்டார்.

அவள் அப்பாவுக்கு எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்து, இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கச் சின்ன ஸ்கேலை அவர் மூக்கின் மேல் வைத்தாள்.

"பழசுன்னுதான சொன்ன?"

"ஆமாப்பா. இன்னிக்கு மத்தியானம் மாத்திட்டேன்."



"பள்ளிக்கூடத்து முன்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றார். "யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா."

"இறங்கிப் பார்க்கப் பயமா இருந்துச்சு."

அவள் வலது கண்ணை மூடிக்கொண்டாள். "என் இடது கண்ணைப் பாருங்கப்பா."

அவருடைய இரண்டு கண்களும் விலகி அவள் காதின் மேல் போய் நின்றன.

"காதைப் பார்க்கறீங்க. நேரா."

"நேராப் பார்த்தா நீ இல்லம்மா. கொஞ்சம் தள்ளிப் பார்த்தாதான் இருக்க."

அவள் ஸ்கேலை எடுக்கவில்லை. அதன் கோடுகள் கலங்கிப்போயிருந்தன. தெளியட்டும் என்று காத்திருந்தாள்.

"இதோட பத்து ஆச்சுல்ல?" என்றார் அப்பா.

"ஆச்சுப்பா."

"அப்ப சரியா எழுது."