பதினைந்து மில்லிமீட்டர்

அச்சகத்தில் அவனுக்கு மூணு மில்லி என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் குடிகாரன் என்று நினைத்துக்கொள்வார்கள். பாவம், அவன் டீயோடு சரி. வெட்டும் கோட்டோடு படத்தை நிறுத்திக் கொண்டுவரும் வாடிக்கையாளர்களிடம் பன்னிரண்டு வருஷமாக அவன் ஓதும் மந்திரம் அது. கத்தி மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளை பல்லிளிக்கும், அதனால் நாலு பக்கமும் படம் மூன்று மில்லிமீட்டர் வெளியே போயிருக்க வேண்டும் என்பான். சொல்லும்போது, மவுஸ் பிடித்த வலது கையில் பிறவியிலேயே வளைந்த சுண்டுவிரல் தனியாகத் தூக்கி நிற்கும். அதற்கும் சேர்த்துச் சம்பளம் கேள் என்று கட்டிங் மெஷின்காரர் சீண்டுவார்.

அன்று யாரும் சீண்டவில்லை. திரையில் இருந்தது அவனுடைய மகன். பிறந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போன பிள்ளை. இருக்கும் படம் இது ஒன்றுதான். போனில் எடுத்தவனும் அவனே. பிள்ளையின் வலது கை படத்தின் ஓரம்வரை நீண்டு, விரல்கள் பாதியோடு நின்றுவிட்டன. ஊருக்கெல்லாம் ஓரத்தில் இடம் விடு என்று உபதேசம் செய்தவன், தன் பிள்ளைக்கு விடவில்லை. ஒரு எட்டு பின்னால் நின்று எடுத்திருந்தால் போதும்.

முதலாளி லீவு போடச் சொன்னார். இதில் இன்னொருத்தர் கை படக்கூடாது என்று அவன்தான் வந்து உட்கார்ந்தான். மனைவி இரண்டே விஷயம் கேட்டிருந்தாள். சுற்றி வெள்ளை ஓரம் வேண்டாம், ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சுற்றிக் கொடுத்த துணி ஞாபகம் வரும். கை முழுசாக வர வேண்டும்.

திரையில் படத்தின் பரப்பை, கை நீண்ட பக்கம் பதினைந்து மில்லிமீட்டர் நீட்டினான். விரலுக்குப் பன்னிரண்டு, கத்திக்கு மூன்று. மற்ற பக்கங்களுக்கு மும்மூன்று போதும். பிள்ளை கிடந்த போர்வையின் நீலப் பூக்களை நகலெடுத்து வெற்றிடத்தை நிரப்பக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விரலுக்கு வந்ததும் கை ஓடவில்லை. அந்த விரல்கள் எப்படி இருந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று நாளும் மருந்துக்கடைக்கும் டாக்டர் அறைக்குமாக அலைந்தவன், பிள்ளையின் கையை ஒருமுறைகூட விரித்துப் பார்க்கவில்லை. கடைசியில், படத்தில் முழுசாகத் தெரிந்த இடது கையின் விரல்களை எடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி ஒட்டினான்.

ஒட்டியதே தெரியவில்லை என்றார் முதலாளி. கட்டிங் மெஷின்காரர் வெட்டிக் கொடுத்தார். ஓரத்தில் பொட்டு வெள்ளை இல்லை.

சாயங்காலம் மனைவி படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"இது அவன் கை இல்லைங்க."

ஓரத்தில் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருந்தது என்று அவன் பூசி மெழுகப் பார்த்தான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீங்க பாக்கவே இல்லையா?"

இல்லை என்று தலையசைத்தான். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் அவனுடைய வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து விரித்தாள். வளைந்த சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"இப்படித்தான் இருந்துச்சு. உங்க வெரல்தான் அவனுக்கு. நீங்களே பாத்துச் சொல்லுவீங்கன்னு மூணு நாளும் காத்திருந்தேன்."