பிஸ்கட்டின் தலைமாட்டில்

வருகிற செவ்வாய்க்கிழமை எனக்குப் பித்தப்பை எடுக்கிற ஒப்பறேசன். கத்தியை விட மயக்க ஊசிக்குத்தான் பயம். மூடிய கண் திறக்குமோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. என் கணவர் அம்பலவாணனிடம் சொன்னேன். "உது இஞ்சை ஒவ்வொரு நாளும் செய்யிறதுதானே. அங்கை கார் பார்க் பண்ணுறதுதான் பெரிய கரைச்சல்" என்றார். என் உயிரை விட அவருக்குப் பார்க்கிங் பெரிசு.

இப்படிப்பட்ட மனிதர்தான் சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஓர் அல்பாக்காப் பண்ணைக்குத் தொண்டு செய்யப் போனார். பென்சன் எடுத்ததிலிருந்து கோயில் வேலை, பார்க் துப்புரவு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுகிறவர். வீட்டில் பல்ப் மாற்ற மட்டும் ஆள் அகப்படாது. குறொய்டனையும் தாண்டி, லண்டன் முடிகிற இடத்தில் இருந்தது பண்ணை.

அல்பாக்கா என்றால் ஒட்டகத்தின் குட்டித் தங்கச்சி மாதிரி ஒன்று, உடம்பெல்லாம் ஆட்டுமயிர். வெயில் ஏறமுன் வருசத்துக்கு ஒருமுறை அதைக் கத்தரிக்க வேண்டும். பாயில் படுக்க வைத்து, கால்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, ஒருவர் மெசின் பிடிக்க, இன்னொருவர் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். பண்ணைக்காரி ஹெலன் தலை பிடிக்கிற வேலையை இவருக்குக் கொடுத்தாள். விழுகிற மயிரைப் பையில் அள்ளுவது என் வேலை.

முதலில் வந்தது பிஸ்கட் என்றொரு பெட்டை. தலையைத் தொட்டதுமே இவர் முகத்தில் பச்சையாகத் துப்பியது. எனக்கு அப்படியொரு சந்தோசம். இத்தனை வருசமும் நான் அடக்கி வைத்திருந்ததை அது ஒரு நொடியில் செய்துவிட்டது.

இவர் கோபிக்கவில்லை. சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துவிட்டு மண்டியிட்டார். மெசின் இரைய, பிஸ்கட் முனகி நடுங்கியது. இவர் அதன் காதடியில் குனிந்தார்.

"பயப்பிடாதையம்மா, என்ரை குஞ்சு. ஒண்டும் செய்யமாட்டினம். நான் இஞ்சைதான் இருக்கிறன், எங்கையும் போகமாட்டன்."

மெசின் நிற்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பையைக் கீழே போட்டுவிட்டேன். குஞ்சாம்! என்னை "இஞ்சாரும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூப்பிட்டறியாதவர். பிள்ளைப்பேற்றுக்கு நான் கத்தியபோதும் கொரிடோரில் நின்றவர். ஆத்திரம் வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

தேநீருக்கு நின்றபோது கேட்டேன். "அந்த மிருகத்துக்குச் சொன்னியள். எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

இவர் வெட்கத்தில் பேப்பர் கோப்பையை உருட்டினார். "அதுக்குத் தமிழ் விளங்காதுதானே. அதாலை வாயிலை வந்திட்டுது."

"எனக்கு விளங்கும். செவ்வாய்க்கிழமை என்னை உள்ளுக்குக் கொண்டுபோக முன்னம் சொல்லுங்கோ."

"ஐயோ, உமக்கு மயக்க ஊசி போடுற டொக்டர் றொசானா எங்கடை தமிழ்ப் பிள்ளையெல்லோ! பக்கத்திலை நிண்டால் அவவுக்கும் விளங்குமே?"

"விளங்கட்டும். எனக்குப் பயமாயிருக்கு, இஞ்சாருங்கோ."

இவர் கோப்பையை வைத்தார். ஹெலனும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, மயிர் ஒட்டிய என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டார். ஹெலன் அடுத்த அல்பாக்காவைக் கொண்டுவந்து கூப்பிட்டும் விடவில்லை.