சிவப்பு மூடி

மூன்றாவது சொம்புத் தண்ணீரையும் தலையில் ஊற்றிக்கொள்ளும்படி பண்டாரம் சொன்னார். வீரப்பன் ஊற்றிக்கொண்டார். வேட்டி காலோடு ஒட்டியது. வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகப் பார்ப்பதற்காகச் சிலர் நாற்காலியையும் திருப்பிப் போட்டிருந்தார்கள். மனைவி செத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் என்ற பேச்சு நேற்று இரவிலிருந்தே குருபோங் டாமான் குடியிருப்பு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

உள்ளே கூடத்தில் தேவமலர் பெட்டியில் கிடந்தாள். கூறைப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம், தலைமாட்டில் விளக்கு. பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள், கொடுத்து வைத்தவள் என்று வந்த பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். ஐம்பத்தாறு வயதில், நேற்று மாலை ஐந்தரை மணிக்கு, அவர் வெளியே கார் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இதில் கொடுத்து வைத்தது எது என்று வீரப்பனுக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்கவேண்டியதும் அவர்தான்.

"ஈரத்தோடயே இப்படிக் கெழக்க பார்த்து ஒக்காருங்கய்யா," என்றார் பண்டாரம்.

உட்கார்ந்தார். வரிசை வீடு. வாசலில் உட்கார்ந்தால் கூடத்தைத் தாண்டிச் சமையலறையும் தெரியும். அங்கே நான்கைந்து பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி வந்தவர்களின் பிள்ளைகள். ரொட்டியும் பிஸ்கட்டும் எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டன. பத்து பெரண்டாம் கடையில் சொல்லியிருந்த சோறு, பெட்டியை எடுத்த பிறகுதான் வரும்.

"ஒரு மெகி மட்டும் போட்டுக் குடுக்கட்டுமா அத்தை? சின்னப் புள்ளைங்க, பாவம்லா," என்று யாரோ ஒரு பெண் கேட்டாள்.

"பொணம் வீட்டுல கெடக்கு, அடுப்பு பத்த வைப்பியா நீ?" என்றாள் மலர்க்கொடி.

மலர்க்கொடி வீரப்பனின் அக்கா. பழக்கதோஷத்தில் யாராவது தேநீர் போட அடுப்பைத் திருகிவிடுவார்கள் என்று காலையிலேயே கேஸ் தோம்பில் குழாய் மாட்டும் தலையைக் கழற்றி, தன் கைப்பையில் போட்டு வைத்துக்கொண்டவள். அவளிடம் பேச்சுக் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை.

அடுப்பு வேண்டாத பலகாரம் அந்த வீட்டுக்குப் புதிதில்லை. தேவமலருக்கு வேலையே அதுதான் என்றுகூடச் சொல்லலாம். பாலர் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் ஆசிரியை. வியாழன்தோறும் அவள் வகுப்பில் பலகாரம் செய்யும் நேரம் உண்டு. நெருப்பு கிடையாது, கத்தி கிடையாது. அந்தந்தக் காலத்தில் பசாரில் என்ன பழம் மலிந்து கிடக்கிறதோ அதை வைத்து ஐந்து வயதுப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஏதாவது செய்து சாப்பிடவேண்டும். ரம்புத்தான் காலத்தில் சுளையைப் பிய்த்துத் தயிரில் போட்டார்கள். மாம்பழக் காலத்தில் பிசைந்து அவலோடு கலந்தார்கள். இந்த வாரம் செம்பெடாக். பலாவுக்குத் தம்பி முறை, வாசனையில் மட்டும் அண்ணன். சுளையைப் பொடியாகப் பிய்த்து, பேரீச்சம்பழம், தேங்காய்ப்பூ, அவல் பொடியோடு சேர்த்து உருட்டவேண்டும்.

வகுப்பில் காட்டுவதற்காக முதல் நாளே வீட்டில் கொஞ்சம் செய்து வைப்பாள். அது வெள்ளை மூடி டப்பா. அதை முடித்து மூடி வைத்துவிட்டுத்தான் சிவப்பு மூடி டப்பாவுக்கு வருவாள். சிவப்பு மூடி வீரப்பனுடையது. அதில் மட்டும் வறுத்த நிலக்கடலையை இடித்துப் போட்டிருப்பாள். வகுப்பில் கடலை கூடாது. நிவேந்திரன் என்று ஒரு பையன். போன வருடம் யார் வீட்டுப் பிறந்தநாளிலோ கடலை மிட்டாயைக் கடித்து, உதடு வீங்கி, மூச்சு அடைத்து, இரண்டு நாள் வார்டில் கிடந்தவன். தேவமலரோடு வீரப்பனும் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றையிலிருந்து அந்த வகுப்புக்குள் கடலை வாசனையே வரக்கூடாது என்று வைத்துவிட்டாள்.

மூடிக்கு நிறம் வைத்தது வீரப்பனின் யோசனை. பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்துக் கழிப்பது அவர் வேலை. கழித்ததற்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள்.

"அப்ப ஒங்களுக்குச் செவப்பு சரிதான்," என்று தேவமலர் சிரித்தாள்.

வாராவாரம் கேட்பாள். "ஒரே ஒரு தடவ கடலை போடாதத சாப்பிட்டுப் பாருங்களேன். புள்ளைங்க எப்படிச் சாப்பிடுதுங்க தெரியுமா?"

"கடலை இல்லாம அது என்ன உருண்டை? நீயே வச்சிக்க," என்பார் வீரப்பன். ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை.

இப்போது குளிர்பெட்டிக் கதவு திறந்தது. மலர்க்கொடி குனிந்து உள்ளே பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கையில் சிவப்பு மூடி டப்பா இருந்தது.

"இந்தா, இதுல என்னமோ பலகாரம் இருக்கு. அழாம ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க."

பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். வீரப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எனக்குச் செய்தது என்று சொல்ல வாய் வந்தது. கருமத்துக்கு உட்கார்ந்த மனுஷன் கடலை உருண்டைக்கு எழுந்தான் என்றால் ஊர் சிரிக்கும். பண்டாரம் கையில் தர்ப்பையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான், தேவமலரிடம் படிக்கும் பையன் ஒருவனின் அம்மா நிரஞ்சனி உள்ளே வந்தாள். வங்கிச் சீருடையோடு அரை நாள் விடுப்பில் வந்திருந்தாள். பாலர் பள்ளிக்கு இன்று விடுமுறை விட்டிருந்ததால் மகனை விட்டுவர இடமில்லை. கையில் பிடித்து அழைத்து வந்திருந்தாள். பெட்டியைக் கண்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். பையன் அவள் கையை விட்டு நழுவி, பிள்ளைகள் சத்தம் கேட்ட பக்கமாகப் போனான்.

"நீ யாரு வீட்டுப் புள்ளடா? பசியா இருக்கா? இந்தா, கடைசி ஒண்ணு, சாப்பிடு," என்று மலர்க்கொடி அவன் கையில் உருண்டையை வைத்தாள்.

அவன் அதை முகத்துக்கு நேரே தூக்கினான்.

"டேய்! கீழ போடுறா! போடு!"

அந்த வீட்டில் யாரும் அதுவரை வீரப்பனின் குரலை அந்த அளவுக்குக் கேட்டதில்லை. பண்டாரத்தின் செம்பு உருண்டது. மஞ்சள் தண்ணீர் கூடாரம் வரை ஓடியது. ஈர வேட்டி தடுக்க, பெட்டியில் இடித்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி ஓடி, பையனின் கையை ஓங்கித் தட்டிவிட்டார். உருண்டை அலமாரிக்கு அடியில் போய் நின்றது.

மலர்க்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என் தம்பிக்குப் புத்தி கலங்கிப் போச்சே! அழுதிருந்தா தேவலையே! எல்லாத்தையும் உள்ளயே அடக்கி வச்சி..."

"அக்கா, சும்மா இரு. அதுல கடலை இருக்கு. இவனுக்குக் கடலை ஆவாது. செத்துருவான்," என்றார் வீரப்பன். மூச்சு வாங்கியது.

நிரஞ்சனி ஓடி வந்து மகனின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள்.

"வாயில வச்சியா? சொல்லுடா, வச்சியா?"

"இல்லம்மா," என்றான் நிவேந்திரன். அடி வாங்கிய கையைத் தேய்த்துக்கொண்டான். அழுகையை அடக்கியிருந்தான். "மோந்துதான் பார்த்தேன். மொதல்ல மோந்து பாக்கணும். அப்புறம் என்ன வாசனைன்னு சொல்லணும். அப்புறம்தான் சாப்பிடணும். டீச்சர் சொல்லியிருக்காங்க."

"என்ன வாசன வந்துச்சு?" என்று கேட்டார் வீரப்பன்.

"செம்பெடாக். அப்புறம் வேற ஒண்ணு. தெரியல."

வீரப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தவளை அங்கிருந்து பார்த்தார். நேற்றிலிருந்து முதன்முறையாக அவள்மேல் பெருமையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது.

பையனைக் குழாயடிக்கு அழைத்துப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டார். தானும் கழுவிக்கொண்டார். மேசைமேல் சிவப்பு மூடி டப்பா திறந்து கிடந்தது. அடியில் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அதை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்தார். மேல் தட்டில் வெள்ளை மூடி, பக்கத்தில் தோலுரித்த செம்பெடாக், இருபது சின்னக் கிண்ணங்கள். இந்நேரம் வகுப்பில் இருந்திருக்கவேண்டியவை.

"இது ஒனக்கு ஆவும்," என்று வெள்ளை மூடியைத் திறந்து நீட்டினார். ஆறு உருண்டைகள் இருந்தன.

நிவேந்திரன் ஒன்றை எடுத்தான். மோந்து பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"என்ன வாசன வருது?" என்று கேட்டார்.

"செம்பெடாக், தேங்கா, பேரீச்சம்பழம்," என்றான் பையன். திருப்தியோடு அந்த உருண்டையை அவரிடமே நீட்டினான். "மொதல்ல பக்கத்துல இருக்கவங்களுக்குக் குடுக்கணும், அங்கிள். அப்புறம்தான் நாம."

வாங்கிக்கொண்டார். மலர்க்கொடி வாசற்படியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"டேய் வீரப்பா! பெட்டி எடுக்கற வரைக்கும் நீ ஒண்ணும் வாயில வைக்கக்கூடாது. தெரியும்தானே?"

"தெரியும்."

கீழே வைக்க மனம் வரவில்லை. வேட்டியில் பை இல்லை. இடது கையை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். பண்டாரம் செம்பை நிமிர்த்தி, வேறு தண்ணீர் எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கொஞ்சம் முறைப்பாகத்தான் தொடங்கினார். அதன்பிறகு எல்லாமே வலது கையால் நடந்தது. பூப் போட்டார். பெட்டியை மூன்று முறை சுற்றினார். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தபோது, அவளுடைய உதட்டில் பச்சரிசி நிற்காமல் கன்னத்தில் சரிந்தது. ஒரு விரலால் ஒதுக்கிவிட்டார்.

"ரெண்டு கையாலும் கும்பிடுங்கய்யா," என்றார் பண்டாரம்.

மூடிய இடது கையின்மேல் வலது கையைப் பொத்தி வைத்துக்கொண்டார். துக்கத்தில் விரலை விரிக்க முடியவில்லை போலும் என்று பண்டாரம் விட்டுவிட்டார். கூடாரத்தில் யாரோ ஒருத்தி, பாவம், இப்பத்தான் உறைக்கிறது என்றாள்.

இரண்டு மணிக்கு வேன் கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். பின்பக்கம் பெட்டியை ஒட்டினாற்போல் இருந்த பலகையில் வீரப்பன் மட்டும் உட்கார்ந்தார். பண்டாரம் முன்னால் ஓட்டுநரோடு ஏறிக்கொண்டார். குருபோங் சாலையில் தொழிற்சாலை பஸ்கள் மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. வேன் சிக்னலில் நின்றது.

வீரப்பன் இடது கையைத் திறந்தார். உருண்டை நசுங்கி, கை ரேகை பதிந்து, வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டு போனார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு மெதுவாக மென்றார்.

கடலை இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது.

சொல்லலாம் என்று திரும்பினார். பெட்டியை மூடியிருந்தார்கள்.