கழித்தல் வாசலுக்குப் போகும் கம்பி

நூற்று எழுபத்திரண்டு பவுண். யாக்கோப்பு லண்டனில் வந்திறங்கிய ஆண்டு, வக்கீல் செலவுக்கென்று ஊர்க்காரரான றெஜினோல்ட் எடுத்துக் கொடுத்த காசு. இங்கே வாங்கியதை ஊரில் கொடுப்பதென்று பேச்சு. றெஜினோல்டின் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாக யாக்கோப்பின் அக்கா மரியநாயகி எழுதியிருந்தாள். தாயிடமிருந்து அதைப்பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. தொண்ணூற்றொன்று மாசியில் அவர் கண்மூடிவிட்டார்.

வைகாசியில், கொழும்பைச் சுற்றிக்கொண்டு, சாகமுன் அவர் பேசிப் பதிந்த கசெற் ஒன்று லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் றெஜினோல்டின் அறைக்கு வந்து சேர்ந்தது. எழுதத் தெரியாதவர், கசெற்றில்தான் கடிதம். முதற்பக்கம் தெளிவு. மறுபக்கத்தில், சத்தத்தை முழுக்கத் திறந்தாலும் சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுப்பதுபோல இருந்தது.

"அம்மா காசைப்பற்றி வாயே திறக்கேல்லை," என்றார் றெஜினோல்ட். "கொக்கா பொய் எழுதினவளோ எண்டு கேக்கவும் மனம் வரேல்லை."

நேரே கேட்டிருந்தால்கூட இவ்வளவு மோசமில்லை. அக்காவின் சொல் விழுந்துவிடக்கூடாது.

"மறுபக்கத்தைக் கேக்கப்பண்ணுறன், அண்ணை."

"ஃபக்டரியிலை ஈயம் ஒட்டுறவன் நீ. எப்ப இஞ்சினியர் ஆனனி?"

முப்பத்தாறு வயதில் எழுத்துக்கூட்டப் பழகியவன் யாக்கோப்பு. சத்தத்தைப் பெருக்க வாங்கிய சிப்போடு வந்த விளக்கத் தாளை ஒரு கிழமையாக விரல்வைத்து வாசித்திருந்தான். ஞாயிறு பூசை முடிந்து, றெஜினோல்டின் அறையில் சாமான்களைப் பரப்பினான்: எட்டுக்கால் சிப் ஒன்று, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் றெசிஸ்ரர் இரண்டு, பற்றரி இரண்டு, கம்பிகள். ஒப்-அம்ப் என்பார்கள். உள்ளே போக இரண்டு வாசல். ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கும். பார்த்ததை லட்சம் மடங்காக்கித் தள்ளும். கட்டாமல் விட்டால் ஒன்றுக்கும் உதவாது. வெளியே வருவதில் ஒரு பங்கைக் கம்பியால் கழித்தல் வாசலுக்குத் திருப்பிவிட்டால் அடங்கும். எத்தனை மடங்கு என்பது இரண்டு றெசிஸ்ரரின் கணக்கு.

அவசரத்தில் அந்தக் கம்பியைக் கூட்டல் வாசலில் ஒட்டிவிட்டான். இயர்போனில் ஒரு டொக். பிறகு ஒன்றுமில்லை. அடக்க வேண்டியதை உந்திவிட்டதால், சிப் பற்றரி தரக்கூடிய கடைசி அளவுக்கு ஓடிப்போய் அங்கேயே நின்றுவிட்டது.

"உன்ரை பூச்சி செத்துப்போச்சு."

"சாகேல்லை அண்ணை. நான்தான் மாறிக் கட்டிப்போட்டன்."

ஈயத்தை உருக்கிக் கம்பியைக் கழற்றிக் கழித்தல் வாசலில் ஒட்டினான். நூறு மடங்கு. முதலில் நாடாவின் இரைச்சல் எழுந்தது. றெஜினோல்ட் இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, இயர்போனை யாக்கோப்பிடம் நீட்டினார்.

"...மரியநாயகி காசு கொண்டந்து தந்தவள், தம்பி. அடுத்த கிழமை ஷெல் விழுந்து அவளின்ரை வீடு போச்சு. வாங்கமாட்டன் எண்டு நிண்டவள். நான்தான் அவ்வளவையும் திருப்பி அவளின்ரை மடியிலை கட்டிவிட்டனான். நீ அவளின்ரை தம்பிப் பொடியனிட்டை ஒண்டும் கேளாதை..."

யாக்கோப்பு இயர்போனைக் கழற்றினான்.

"அப்ப காசு எங்கடை வீட்டுக்குத்தான் திரும்பி வந்திருக்கு. நான் இன்னும் தரவேணும், அண்ணை."

"கேளாதை எண்டு அம்மா சொல்லிப்போட்டா. நீயும் காதாலை கேட்டனிதானே."

மேசை லாச்சியிலிருந்து கடன்கணக்குக் கொப்பியை எடுத்து, நூற்று எழுபத்திரண்டின்மேல் ஒரு கோடு கீறினார். பிறகு இயர்போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.