எத்தனை தலையணை?

பெயிண்டருக்கு மூச்சு வாங்கினால் பழி பெயிண்டின் மேல்தான் விழும். முப்பது வருஷமாகச் சுவர் சுரண்டிய மனுஷன், இது ஆஸ்துமாவேதான் என்று மருந்துக்கடைக்காரரே தீர்ப்புச் சொல்லி ஓர் இன்ஹேலரையும் கையில் திணித்தார். இரண்டு மாதம் அதை உறிஞ்சியும் இரைப்பு இம்மியும் குறையவில்லை. கடைசியில் மனைவிதான் தையல் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

வழியெல்லாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உங்கள் இருமலால் எனக்குத் தூக்கமே போச்சு என்று ஒருநாள் சலிப்பில் அவள் சொல்லிவிட்டாள். மறுநாளே மனுஷன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஹால் நாற்காலிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை பொறுக்காத ரோஷக்காரர். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் எவ்வளவோ சண்டை வந்திருக்கிறது, தனித்தனியாகப் படுத்ததில்லை. நாம் இவருக்கு வேண்டாதவளாகிவிட்டோம் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். கூடப் பிறந்த அக்காவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

டாக்டருக்கு அவர்கள் மகள் வயதுதான் இருக்கும். மாடி ஏறினால் இரைக்கிறதா, நெஞ்சு வலி உண்டா, சிகரெட் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், படுக்கும்போது எத்தனை தலையணை வைத்துக்கொள்வீர்கள் என்றாள். ஒன்று என்று கூசாமல் சொன்னார் பெயிண்டர்.

மனைவி வாய்வரை வந்ததை மென்று முழுங்கினாள். படுக்கையறைச் சங்கதியை ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஆனால் டாக்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள். இன்னொரு இன்ஹேலர், இன்னும் இரண்டு மாதம். மானம் போனால் போகட்டும் என்று தோன்றியது.

"இவர் படுக்கறதே இல்லம்மா. ரெண்டு மாசமா நாற்காலியில உக்காந்துதான் தூங்கறாரு. என் மேல கோவம்."

எழுதிய கை நின்றது. டாக்டர் அவரைக் கட்டிலில் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து காற்றுக்குத் தவித்தார். கோபத்தை மறந்து அவள் ஓடிப்போய் முதுகைத் தாங்கினாள். டாக்டர் அவர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. கழுத்து நரம்பைப் பார்த்தாள், முதுகின் கீழ்ப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு ஈசிஜி, எக்ஸ்ரே, எக்கோ என்று மத்தியானம்வரை அலைச்சல்.

கோளாறு நுரையீரலில் தொடங்கவில்லை. இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்து, நுரையீரலில் நீர் தேங்குகிறது. படுத்தால் அது இன்னும் மூச்சை முட்டும். நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, சில நாள் இங்கே தங்கட்டும் என்றாள் டாக்டர்.

"அவர் உங்க மேல கோவப்பட்டுப் போகலம்மா. அவரால படுக்க முடியல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாதமாக மனசுக்குள் வைத வசவெல்லாம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

வார்டில் தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் அவர் சாய்ந்திருந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்து, பட்டி பூசிச் சரியாகத் தேய்க்காமல் பெயிண்ட் அடித்திருக்கிறான் என்று குறை சொன்னார். அவள் விடவில்லை.

"படுத்தா மூச்சு நின்னுடும்போல இருந்துச்சு. காலையில நீ எழுந்து பாக்கும்போது, பக்கத்துல நான் அப்படிக் கிடந்தா... அது உனக்கு வேணாம்னு தோணுச்சு. அதான் தள்ளிப் போனேன்."

அழுகையும் ஆத்திரமும் அவளுக்கு ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"செத்தாலும் என் பக்கத்துல கிடந்து சாவுங்க. தனியா விடமாட்டேன்."

ஆஸ்பத்திரியில் பேசுகிற பேச்சா இது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். பெயிண்டர் மெல்ல நகர்ந்து, அந்தக் குறுகலான கட்டிலில் அவள் உட்கார இடம் விட்டார்.