ஓடையின் நிறம்

"தண்ணி செத்துக் கெடக்குது, சுபா" என்றார் தீனதயாளன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற மூன்று பேர் அவர்கள். தீனதயாளன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். பூமாலை பள்ளியில் ஓவிய ஆசிரியை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சுபஸ்ரீதான் இளையவள். அவள் முதன்முதலாகத் தீட்டிய எண்ணெய் ஓவியம் ஸ்டாண்டில் இருந்தது. கல்வராயன் மலை, அடிவாரத்தில் மரவள்ளிக் கொல்லை, நடுவே ஓடை.

"மல நல்லா வந்துகீது. ஓட மட்டும் சிமெண்ட் ரோடு மாரி கீது" என்றாள் பூமாலை. "நீ நேர்ல பாக்கலியா?"

"போன்ல இருந்த போட்டோவ வச்சி வரஞ்சேன்க்கா."

"அப்ப வர்ற வாரம் மூணு பேரும் போயி பாத்துடலாம்."

சுபஸ்ரீ ஓவியத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நாலாவது படிக்கும்போது அப்பா அந்த ஓடையை மாட்டோடு கடந்தார். மாடு மட்டும்தான் கரையேறியது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போனதில்லை. இதைச் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு கச்சிராயப்பாளையம் தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஓடையில் கணுக்கால் அளவே தண்ணீர். தீனதயாளன் கரையில் சற்றுத் தள்ளி நிழலில் உட்கார்ந்துகொண்டார். பூமாலை நடுவிலிருந்த பாறையில் போய் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து வரையத் தொடங்கினாள்.

"வா சுபா. தண்ணிக்கு ஒரே கலரு இல்ல பாரு."

"இங்கியே இருக்கேன்க்கா."

கரையிலிருந்த புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு சுபஸ்ரீ தண்ணீரைப் பார்த்தாள். கூழாங்கல் தெரியும் இடத்தில் மஞ்சள், நிழலில் பச்சை. கொஞ்ச நேரத்தில் கூழாங்கல் தெரியவில்லை. டீயைப் போலக் கலங்கல். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. நிமிர்ந்தாள். மலை உச்சி மழைமேகத்தில் கறுத்துக் கிடந்தது.

"அக்கா, வந்துடுங்க!"

பூமாலை குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். மறுபடி கத்தினாள். பூமாலை திரும்பாமலே கையை ஆட்டினாள். "இரு, முடிச்சிக்கினு வரேன்."

மேலே எங்கோ லாரி ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம்.

சுபஸ்ரீ மரத்தை விட்டாள். தண்ணீர் அதற்குள் முழங்காலுக்கு ஏறியிருந்தது. பாறையருகே போய்ப் பூமாலையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? என் அட்ட..."

"வுடுங்கக்கா அத! வாங்க!"

கரையை நெருங்கும்போது தண்ணீர் இடுப்பைத் தள்ளியது. பூமாலை சறுக்கி விழுந்தாள். தீனதயாளன் ஒரு கையால் மரத்தை அணைத்துக்கொண்டு தோள்துண்டை வீசினார். சுபஸ்ரீ அதைப் பிடித்துக்கொண்டாள், பூமாலையை விடவில்லை.

மேட்டில் வந்து விழுந்த பிறகு திரும்பிப் பார்த்தார்கள். செம்மண் நிறத்தில் ஆளுயரத் தண்ணீர், ஒரு மூங்கில் புதரை வேரோடு உருட்டிக்கொண்டு போனது. பாறை இருந்த இடமே தெரியவில்லை.

பூமாலைக்குப் பல் தந்தியடித்தது. அப்போதுதான் சுபஸ்ரீ அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"மொதல்லியே சொல்லக் கூடாதா?" என்று பூமாலை அழுதாள்.

மறுவாரம் சுபஸ்ரீ பழைய ஓடையைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். காவியும் கறுப்பும் அழுக்கு வெள்ளையும் குழைத்துப் பூசினாள். நடுங்கிய கோடுகளை அவள் திருத்தவில்லை.

தீனதயாளன் கிட்ட வந்து பார்த்தார். "இப்ப பாத்தா உள்ளுக்குள்ள உதறுது. கொல்லைலயும் கொஞ்சம் இருட்டு போட்டா இன்னும் ஜாஸ்தி பயமா இருக்கும்."

"இல்லண்ணே. கொல்லைல வெயிலு அப்பிடியே இருக்கட்டும்."

அவர் சொன்னதற்கு அவள் மறுத்துப் பேசியது அதுவே முதல்முறை. பூமாலை எழுந்து வந்து படத்தைத் தொடாமல், அதற்கு ஓர் அடி தள்ளியே நின்றாள்.

"அவ சொல்றதுதான் சரிண்ணே" என்றாள்.

படம் முடிந்துவிட்டது. ஆனால் அது இன்னும் ஸ்டுடியோ மாடியிலேயே இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போனால் அம்மா பார்ப்பாள். சுபஸ்ரீக்கு அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை.