கொடியில் காய்ந்த கறுப்பு

எழுதத் துணிந்ததற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியதன்றி எழுத்தோடு எனக்கு வேறு பழக்கம் இல்லை. இதில் வருகிறவர்களில் சிலர் இன்னும் இதே சாலையோரத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் மனம் நோகும்படி ஒரு சொல்லும் விழுந்துவிடக் கூடாதென்று பலமுறை அடித்துத் திருத்தினேன். அப்படியும் விழுந்திருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் சுவாசி நாட்டில், உசுத்து ஆற்றுக்கு இக்கரையில், பேருந்துச் சாலையை ஒட்டித் தகரக் கூரை போட்ட வீடு ஒன்றில் போதகர் ஆர்னேயும் அவர் மனைவி மாரித்தும் குடியிருந்தார்கள். நார்வேயிலிருந்து வந்தவர்கள். வந்த நாளில் இருவருக்கும் தலைமுடி பொன்னிறமாக இருந்தது. இந்தக் கதை நடந்த வருடத்தில் அது சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. சுவாசி மொழியில் சண்டை போடுமளவுக்கு அவர்களுக்கு எங்கள் பேச்சு வந்திருந்தது.

விடியுமுன்னே மாரித் எழுந்து பெரிய பானையில் சோளக் கஞ்சி காய்ச்சுவார். பெரியவர்கள் யாருமே மிஞ்சாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து வாசலில் குந்தியிருப்பார்கள். கஞ்சி ஊற்றி முடிந்ததும் மருந்துப் பையை வண்டியில் போட்டுக்கொண்டு குடிசை குடிசையாகப் போவார். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போட்டு, புண்ணைக் கழுவி, வாயில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தவர்களுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு வருவார். அவர் தாதிப் படிப்புப் படித்தவர். ஆனால் அந்த வருடங்களில் அவர் படிப்பு பெரும்பாலும் பிணத்தைக் குளிப்பாட்டவே பயன்பட்டது. ஆர்னேவுக்குச் சனிக்கிழமை என்றாலே அடக்கம்தான். சில சனிக்கிழமைகளில் ஒரு குன்றின் இரு பக்கமும் குழி வெட்டியிருப்பார்கள். அங்கே ஜெபித்துவிட்டு இங்கே ஓடி வருவார்.

மருந்துத் தண்ணீரில் ஊறி மாரித்தின் கைகள் வெடித்துப் போயிருந்ததால் வீட்டுத் துணிகளை ஆர்னே துவைத்தார். வியாழக்கிழமை அவருடைய துவைக்கும் நாள். கொல்லையில் தொட்டி, அடுப்பு, கொதிநீர். சாலையோர வேலி நெடுக நல்ல வெயிலில் கொடி. குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும் பெண்களுக்கு இதைவிட வேடிக்கை வேறு கிடையாது. எங்களில் ஆண்தான் மாடு கொடுத்துப் பெண்ணைக் கட்டுவான்.

"போதகரய்யா, எத்தனை மாடு குடுத்து அம்மா உங்களைக் கட்டிக்கிட்டாங்க?" என்று ஒருத்தி கேட்பாள்.

"ஒரு கன்னுக்குட்டிகூட இல்ல. நான் சும்மாவே வந்துட்டேன்."

"அதான் இந்தப் பாடு படுத்துறாங்க" என்று மற்றவள் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். ஆர்னேயும் சிரிப்பார். அந்தக் கேலி அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

மாரித் பார்த்துவந்த நோயாளிகளில் லாமசியா ஒருத்தி. மாம்பா வீட்டு மருமகள். கணவன் புதைக்கப்பட்ட நாளிலிருந்து கறுப்புப் பாவாடையும் கறுப்புப் போர்வையும் கறுப்புத் தலைத்துணியுமாகக் குடிசையின் உள்மூலையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். மறு குளிர்காலத்தில் கணவன் வீட்டார் கூடி, சடங்கு செய்து, கறுப்பைக் களைந்தால்தான் அவள் துக்கம் முடியும். அதுவரை அந்தத் துணி செத்துப்போன மனிதனுக்குச் சமம். இடையில் அதைக் கழற்றுகிறவள் கணவன் சாவில் கை உள்ளவள் என்றே ஊர் எடுத்துக்கொள்ளும்.

வேறு வீடுகளில் கறுப்போடு பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து நகரத்துக்குப் போகிற விதவைகள் உண்டு. மாம்பா வீட்டில் அது நடக்காது. அவள் கணவனின் அண்ணன் இறந்தபோது அவர் மனைவி கறுப்போடு ஆற்றைத் தாண்டி நகரத்துக்குப் போய்வந்தாள்; அடுத்த மழைக்குள் லாமசியாவின் கணவன் படுத்துவிட்டான். கறுப்பு ஆற்றைத் தாண்டியதால்தான் என்று வீட்டார் நம்பினார்கள். இனி வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆண்பிள்ளை கடைசித் தம்பி வேலாபி. அவன் கெட்டவன் அல்ல. போதகரின் மிஷன் வீட்டில் ஜெபத்துக்குப் போக அவளை அனுமதித்தான். ஆற்றைத் தாண்ட மட்டும் கூடாது என்றான்.

ஆனால் மருத்துவமனை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. வீடுகளைக் காலிசெய்துகொண்டிருந்த அந்த ரத்த நோய்க்குப் புதிய மாத்திரைகள் அங்கே வந்து சேர்ந்த முதல் வருடம் அது. முதல் தடவை வாங்க வேண்டுமானால் ஆளே நேரில் போக வேண்டும். லாமசியா இருமிய துணியில் ரத்தம் பார்த்த அன்றே, மறு குளிர்காலம் வரை இவள் தாங்கமாட்டாள் என்று மாரித்துக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு ஆறு வயதில் பொன்சிலே என்று ஒரு மகள். லாமசியா செத்தால் பிள்ளைக்குத் தாயில்லை. கணவன் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டாலும் பிள்ளைக்குத் தாயில்லை, ஏனென்றால் மாடு கொடுத்துக் கட்டிய வீட்டுக்குத்தான் பிள்ளை சொந்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்க வேண்டும் என்று மாரித் நம்பினார்.

கடைசியில், வரும் வியாழக்கிழமைதான் அந்த வழி என்று கண்டார். அன்று ஆண்களெல்லாம் மாடுகளை உண்ணி மருந்துத் தொட்டியில் இறக்கக் கொண்டுபோய்விடுவார்கள். பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். ஆர்னே துவைப்பைத் தள்ளிவைத்துப் பள்ளிக்கூடத்துக் கூரையைச் சரிசெய்யப் போகிறார். ஜெபத்துக்கு என்று லாமசியாவை அழைத்துவந்து, உடை மாற்றி, ஆற்றைத் தாண்டி, வேலாபி வருமுன் கறுப்போடு திரும்பக் கொண்டுவிட்டுவிடலாம்.

லாமசியா முதலில் மாட்டேன் என்றாள். மிஷன் வீட்டுக் குளியலறை வாசலில் மாரித்தின் நீல உடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"யாரும் பாக்கக் கூடாதும்மா."

"பாக்கமாட்டாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா. கதவுக்குப் பின்னால தொட்டியில வெச்சு மூடிடறேன். வந்ததும் நீயே எடுத்துக் கட்டிக்கலாம்."

அவள் மாற்றிக்கொண்டு வந்தாள். மாரித் நெடிய உருவம். உடை லாமசியாவின் கணுக்காலுக்குக் கீழே புரண்டது. "இதுக்குள்ள இன்னொருத்தியையும் கூட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லிப் பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

பாலத்தைக் கடக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மருத்துவமனையில் வெயில் ஏறும்வரை வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மருத்துவர் இளைஞர், களைத்துப் போயிருந்தார். காசநோயும் இருக்கிறது, மற்ற நோயும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முதலில் இதைக் குணப்படுத்துவோம், பிறகு அதற்கு மாத்திரை தொடங்குவோம், விடாமல் சாப்பிட்டால் மகளுக்குக் கல்யாணம் செய்து பார்க்கலாம் என்றார். மகளையும் பரிசோதிக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் செவ்வாய்க்கிழமைதான், அழைத்து வாருங்கள் என்றார். திரும்பும் வழியில் லாமசியா மாத்திரைப் பொட்டலத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். பொன்சிலேயை எந்தப் பொய் சொல்லிச் செவ்வாய்க்கிழமை கொண்டுவருவது என்று இருவரும் சிறுமிகளைப்போல யோசனை செய்தார்கள்.

சாலை வளைவில் திரும்பியதும் மாரித்துக்கு வீட்டுக் கொடி தெரிந்தது. வெள்ளைப் படுக்கைத் துணிகள். அவற்றுக்கு நடுவில் கறுப்புப் பாவாடை, கறுப்புப் போர்வை, கறுப்புத் தலைத்துணி, மூன்றும் விரித்துப் போட்டுச் சாய்வெயிலில் நீர் சொட்டிக்கொண்டிருந்தன.

அவர் வண்டியை வேலியோரம் நிறுத்தினார்.

நடந்தது இதுதான். கூரைத் தகடு வந்து சேராததால் ஆர்னே மதியமே வீடு திரும்பியிருந்தார். அன்று வியாழக்கிழமை. நோயாளிகளின் துணியை மாரித் எடுத்துவந்து கொதிநீரில் போடுவது வழக்கம்தான். கதவுக்குப் பின்னால் தொட்டியில் ரத்தக் கறையோடு கறுப்புத் துணி கிடந்ததைப் பார்த்து, இறந்துபோன விதவை எவளோ விட்டுப்போனது என்று எண்ணி, மனைவியின் கைக்கு வேலை மிச்சம் என்று மகிழ்ந்து, கொதிக்கவைத்து, சோப்புப் போட்டு, கறை போகத் துவைத்து, கிருமி சாகட்டும் என்று நல்ல வெயில் விழும் இடத்தில் போட்டிருந்தார். இரண்டு பேருந்துகள் அந்தப் பக்கம் போயிருந்தன. குழாயடியில் அன்று யாரும் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

வேலிக்கு வெளியே மாடுகள் நின்றன. அவற்றின் முதுகில் மருந்துத் தண்ணீர் இன்னும் காயவில்லை. வேலாபி ஜெபத்திலிருந்து அண்ணியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்தான், பக்கத்தில் பொன்சிலே. வண்டியிலிருந்து தாய் இறங்கியதும் பிள்ளை கையைத் தட்டிக்கொண்டு, "அம்மா நீலம் போட்டிருக்கா!" என்று ஓடிவந்தாள். வேலாபி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். அடிக்கவில்லை, அதட்டவுமில்லை.

அண்ணியின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. ஆர்னேயிடம்தான் பேசினான்.

"போதகரய்யா, அது எங்க அண்ணன். நீங்க கொடியில போட்டிருக்கறது எங்க அண்ணனை."

ஆர்னே ஈரக் கையோடு நின்றார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வேலாபி மாரித்தின் பக்கம் திரும்பி, "ஆத்தைத் தாண்டினீங்களாம்மா?" என்று கேட்டான்.

மாரித் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் திறந்தார்.

"பொய் வேண்டாம்மா" என்றாள் லாமசியா. "தாண்டினேன். சாகாம இருக்கணும்னு தாண்டினேன்."

அவன் கொடியருகே போய் ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிழியாமல், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டான். சட்டை முழுதும் நனைந்தது. பொன்சிலேயின் கையைப் பிடித்துக்கொண்டு மாடுகளோடு போனான். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். லாமசியா பின்னால் போகவில்லை. போகக் கூடாதென்று அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை ஆர்னே மனைவியிடம் ஒன்றுதான் கேட்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வேலாபிகிட்ட போய்ச் சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றார் ஆர்னே.

மூன்றாம் நாள் இருவரும் மாம்பா வீட்டு வாசலில் நின்று குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெகுநேரம் நிற்கவைத்த பிறகே பாய் போட்டார்கள். புளித்த சோளக் கூழ் கொடுத்தார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. பிழை முழுவதும் தங்களுடையது என்று ஆர்னே சொன்னார். நோய் துணியில் இல்லை, சடங்கிலும் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது என்று மாரித் சொன்னார். வேலாபி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும்மா. ரெண்டு அண்ணனைக் குழியில எறக்கிட்டேன். இப்ப என் பொண்டாட்டி இருமறா. அண்ணியை நான் உள்ள விட்டு, அப்புறம் எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்த வீட்டுப் பிள்ளைங்களை நீங்க உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

மாரித் அவனிடம் மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்லிக் கெஞ்சினார். நீங்கள் நல்லவர்கள், அதனால்தான் உங்கள் வண்டியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். ஊர்த் தலைவரின் மன்றமும் அவன் பக்கமே பேசியது. கறுப்புத் துணியை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் எரித்துவிட்டார்கள்.

அதுவரை மிஷன் வீட்டில் இருந்த லாமசியாவை ஆர்னேயும் மாரித்தும் வடக்கே மலைப்பக்கம் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அவளை யாரும் திட்டவில்லை. ஆனால் அவள் குடித்த கோப்பையைத் தனியாக வைத்தார்கள். மாதம் ஒருமுறை மாரித் அந்தக் கல்பாதையில் மாத்திரை கொண்டுபோனார். மூன்றாவது முறை போனபோது முந்தைய பொட்டலங்கள் தகர டப்பாவில் பிரிக்காமல் இருந்தன.

"ஏன் சாப்பிடல, லாமசியா?"

"கறுப்பு வாங்கிக் குடுங்கம்மா. சாப்பிடறேன்."

கடையில் எத்தனை கெஜம் வேண்டுமானாலும் கறுப்புத் துணி கிடைக்கும். ஆனால் கணவன் வீட்டார் கையால் வாங்காத கறுப்பு வெறும் துணிதான். துக்கத்தை முடிக்காமல் அந்த வாசலை மிதிக்க முடியாது. அந்த வாசலுக்கு உள்ளே மகள். மாரித் மறுபடி வேலாபியிடம் போனார். வாசலிலேயே, மன்னியுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டான். அவர் திரும்ப மலைக்குப் போய் மாத்திரையைத் தம் கையாலேயே அவள் வாயில் வைத்தார். அவள் மரியாதைக்காக விழுங்கினாள். மாரித்தின் வண்டி வளைவு திரும்பியதும் மற்றவற்றை டப்பாவில் போட்டாளாம். அவள் அண்ணன் பிறகு சொன்னார்.

குளிர்காலத்தில், கறுப்பைக் களைய வேண்டியிருந்த மாதத்தில், அவள் இறந்தாள். அடக்கத்தை ஆர்னே நடத்தினார். நல்ல உடை வேறொன்றும் இல்லாததால் அந்த நீல உடையிலேயே கிடத்தியிருந்தார்கள். இப்போது அது அவளுக்கு இன்னும் பெரிதாக இருந்தது. மாம்பா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பொன்சிலேயிடம் சொன்னார்களா என்பது தெரியாது.

போதகர் வீட்டில் கஞ்சி இன்றும் காய்ச்சுகிறார்கள். சனிக்கிழமைகளில் ஆர்னே அடக்கத்துக்குப் போகிறார். கொடியைக் கழற்றிவிட்டார், துணிகள் கொல்லைக்குள் முள்வேலியின் மேல் காய்கின்றன. மாரித் தம் துணிகளைத் தாமே துவைத்துக்கொள்கிறார். கை வெடித்து ரத்தம் வந்தால் கணவர் களிம்பு எடுத்து மேசையில் வைப்பார், மாரித் எடுத்துப் பூசிக்கொள்வார். 

இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். லாமசியா. சில மாதங்களில் வேலாபியின் மனைவி. அவள் கடைசிவரை ஆற்றைத் தாண்டவில்லை. டப்பாவில் கிடந்த மாத்திரைகள். பொன்சிலேக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையும் அதற்குப் பின்வந்த செவ்வாய்க்கிழமைகளும். மாம்பா வீட்டு வாசலில் மிஷன் வண்டி நிற்கும் உரிமை. குழாயடியில் மாட்டைப் பற்றிய அந்தக் கேள்வி. ஒரு கறுப்புப் பாவாடை, ஒரு போர்வை, ஒரு தலைத்துணி.